மனோரமாவின் வலது கால்

முகம் லட்சணமாக இருப்பவர்கள் சினிமாவுக்குப் போகட்டும், குரல் இனிமையாக இருப்பவர்கள் கச்சேரிக்குப் போகட்டும். மாதனூர் மனோரமாவுக்கு ஆண்டவன் கொடுத்தது கால். முப்பத்தேழாம் நம்பர் கால். அதில் என்ன பெரிய அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். பெண்களுக்காக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிற ஷூவை முதன்முதலில் அந்த அளவில்தான் தைத்துப் பார்ப்பார்கள். தைத்ததைப் போட்டு நடந்து காட்ட ஒரு கால் வேண்டும். நீளம் மட்டும் ஒத்துவந்தால் போதாது; விரல், அகலம், குதிகால், மேல்பாதம் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் அந்த அளவிலேயே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கால் ஷூ கம்பெனி முழுக்கத் தேடினாலும் லேசில் அகப்படாது.

மனோரமா முதலில் தோலுக்குப் பசை தடவுகிற, பேஸ்ட் போடுகிற பெண்ணாகத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் சாம்பிள் ரூம் பொறுப்பாளர் ரஃபி அகமது டேப்பும் கையுமாக லைனுக்கு வந்து, பெண்களை வரிசையாக நிற்கவைத்துக் காலை அளந்தார். பெண்களுக்கு ஒரே சிரிப்பு. "இன்னா பாய், மூஞ்சியப் பாக்காம பொண்ணு பாக்கறீங்க?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். மனோரமாவின் முறை வந்ததும் அளந்தவர் நம்பாமல் இன்னொரு தரம் அளந்தார். பிறகு டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "நாளைலேர்ந்து நீ பேஸ்ட் போட வேணாம்மா, மாடிக்கு வந்துடு" என்றார்.

மாடிதான் சாம்பிள் ரூம். அங்கே அவளுடைய வேலை, புதிதாகத் தைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடப்பது, படியேறுவது, இறங்குவது, வந்து நின்று சொல்வது. ஷூ கடிக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எங்கே கடிக்கிறது என்று சொல்வதில்தான் இருக்கிறது சாமர்த்தியம். "சுண்டு விரலுக்கு இந்தாண்ட ஒரு தையல் ஏறுது சார்." "குதிகால்ல இல்ல, அதுக்கு மேல, நரம்புகிட்ட ஒரசுது." அவள் சொன்ன இடத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு நூல் முடிச்சு இருக்கும், இல்லை பசை கட்டியாக நிற்கும். வெளிநாட்டிலிருந்து வருகிற டிசைனர்கள் அவள் முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, ஷூவின் மூக்கைக் கட்டைவிரலால் அமுக்கி, அவள் முகத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அவள் தலையாட்டினால்தான் அந்த ஷூவுக்குக் கப்பலேறும் யோகம்.

இப்படிக் கம்பெனியில் இடம் சுட்டிச் சொல்கிறவள், வீட்டில் வாயைத் திறக்க மாட்டாள். தலைவலியா என்றால் இல்லை என்பாள். கோபமா என்றால் அதுவும் இல்லை. அழுத்தக்காரி என்பாள் மாமியார். கட்டிய புருஷன் பார்த்திபனுக்கோ, எங்கே கடிக்கிறது என்று தெரியாத ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரிதான் குடித்தனம் போய்க்கொண்டிருந்தது.

பார்த்திபன் ஜோலார்பேட்டையில் ரயில்வே கீமேன். சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் தண்டவாளத்தோடு நடந்து, கழன்றதை இறுக்கி, விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து வருகிற வேலை. ஆள் நல்லவன்தான், குடி கிடையாது, கடன் கிடையாது. ஆனால் நல்லவனுக்கும் காது என்று ஒன்று இருக்கிறதே, சனியன் அதன் வழியாகத்தான் உள்ளே போனது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிறவன் ஒருவன், "டேய் பார்த்தி, உன் சம்சாரம் காலுகிட்ட மண்டி போடறதுக்கு வெள்ளக்காரன் ஃப்ளைட்டு ஏறி வர்றானாமே?" என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பார்த்திபனும் சிரித்தான். சிரித்தபிறகு சோறு இறங்கவில்லை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "நாளைலேர்ந்து நீ அந்த வேலைக்குப் போவாத" என்றான்.

"இன்னாத்துக்கு?"

"கண்ட ஆம்பளைங்க காலப் புடிச்சிப் பாக்கறது ஒரு வேலையா? கட்டின மெட்டியக் கழட்டி வெச்சிட்டுப் போறியே, அதுவாவது உனக்கு ஒறைக்குதா?"

உண்மைதான், மெட்டி இருந்தால் ஷூவின் அளவு தப்பிவிடும். தினமும் சாம்பிள் ரூமில் கழற்றி வைத்துவிட்டு, பஸ் ஏறுவதற்கு முன் திரும்பப் போட்டுக்கொண்டுதான் வருவாள். அதை மாமியார் எத்தனையோ முறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். புருஷன் அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னான். மனோரமா அவன் தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. அவன் சும்மாவாவது கெஞ்சியிருக்கலாம், மாட்டான், ரோஷக்காரன். "அப்பாவ சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொல்வாள், "அம்மாவ தண்ணி கொண்டாரச் சொல்லு" என்று இவன் சொல்வான். ஒன்பதாவது படிக்கிற அந்தப் பெண், "நான் இன்னா போஸ்ட்மேனா?" என்று தலையில் அடித்துக்கொள்ளும்.

இந்த ஊமைக் குடித்தனத்துக்கு நடுவில்தான் மழைக்காலத்துக் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இருந்தது, மாத்திரை போட்டுக்கொண்டு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மனோரமாவும் மாத்திரை போட்டாள், வேலைக்குப் போனாள். அப்புறம் ஒருநாள் காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை. மூச்சு வாங்கியது, உதடு நிறம் மாறிக்கொண்டே போனது. ஆம்பூரில் நெஞ்சுக்கு எடுத்த படத்தைப் பார்த்த டாக்டர் உட்காரக்கூட இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றி வேலூருக்கு அனுப்பிவிட்டார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பார்த்திபனைத் தனியாக உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "காய்ச்சல் கிருமி இதயத்தோட தசையிலயே இறங்கிடுச்சி. துடிக்குது, ஆனா ரத்தத்தத் தள்ள அதுக்குத் தெம்பு இல்ல. கொஞ்ச நாளைக்கு இதயமும் நுரையீரலும் செய்யற வேலைய வெளிய ஒரு மெஷின் செய்யும். அதுக்குள்ள இதயம் தேறிடும்னு நம்பறோம்."

"செய்ங்க சார், இன்னா வேணா செய்ங்க."

"ஒரு ஆபத்து இருக்கு, அதையும் சொல்லிடறேன். தொடையில இருக்கற ரத்தக்குழாய்ல ஒரு தடிமனான குழாய விடணும். அது அந்த வழியவே அடைச்சிக்கும், கீழ காலுக்கு ரத்தம் போவாது. அதனால காலுக்குன்னே தனியா ஒரு சின்னக் குழாயும் போடுவோம். அப்படியும் சில பேருக்குக் கால் கெட்டுப்போகுது. கெட்டுப்போனா எடுக்க வேண்டி வரும்."

"எந்தக் கால் சார்?"

"வலது கால்."

பார்த்திபன் எந்தக் காலைப் பற்றிச் சண்டை போட்டானோ அந்தக் கால். அது போனால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். ஊரில் அவளை அவன் பெண்டாட்டி என்று சொல்கிறவர்களைவிட, கம்பெனி மாடியில் நடந்து காட்டுகிறவள் என்று சொல்கிறவர்கள் அதிகம். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். வீட்டு வேலையில் வராத பெருமை. அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவனை முதலில் உள்ளே விட்டபோது, எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. வாயில் குழாய், கழுத்தில் குழாய், இரண்டு கையிலும் ஊசிகள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் உறுமிக்கொண்டு நின்றது. அவளுடைய ரத்தம் கறுப்பாக அதற்குள் போய்ச் சிவப்பாகத் திரும்பிவந்தது. மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்கள். போர்வைக்கு வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும்தான். மெட்டியைக் கழற்றி ஒரு கவரில் போட்டு அவனிடம் முன்பே கொடுத்திருந்தார்கள்.

அங்கிருந்த நர்ஸ் பெயர் உமைமா. ஆம்பூர்ப் பெண், வாய்த்துடுக்கு ஜாஸ்தி, கை அதைவிடச் சுறுசுறுப்பு. வலது பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், இடதைத் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தை அமுக்கிவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள். கெண்டைக்காலைச் சுற்றி டேப் வைத்து வீக்கம் அளந்தாள். பிறகு பாதத்தில் குழைவாக ஏதோ தடவி, பேனா மாதிரி ஒன்றை அழுத்தினாள். கையிலிருந்த சின்னப் பெட்டியிலிருந்து உஸ்ஸென்று ஓர் இரைச்சல் வந்தது.

"இது இன்னா சிஸ்டர்?"

"கால்ல ரத்தம் ஓடற சத்தம் அண்ணா. மெஷின் தள்ற ரத்தம், அதான் துடிப்பு இல்லாம ஒரே இரைச்சலா இருக்கு. இந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் கால் இருக்கு."

பார்த்திபன் அந்தப் பெட்டியையே பார்த்தான். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவனுக்கு, அவள் காலிலிருந்து ஒரு சத்தம் கிடைத்தது. கண் நிறைந்துவிட்டது.

"நீங்களும் தொட்டுப் பாருங்க. கையிலதான் ஊசி, பாதத்துல ஒண்ணும் இல்ல" என்றாள் உமைமா.

அவன் தயங்கினான். "எங்க ஜனத்துல ஆம்பளைங்க பொண்டாட்டி காலத் தொட மாட்டாங்க சிஸ்டர். அவளே ஒத்துக்க மாட்டா. பாவம்னு சொல்லுவா."

"இங்க நாங்க எல்லாரும் மணிக்கொரு தரம் தொடறோம். டாக்டர் தொடறார், சர்ஜன் தொடறார். நீங்க தொட்டாதான் பாவமா? நல்லா இருக்கே நியாயம்!"

கல்யாணத்தன்று அம்மியின் மேல் தூக்கி வைத்து மெட்டி போட்டபோது தொட்டது. அதற்குப் பிறகு இன்றுதான். உள்ளங்கையை மெதுவாகப் பாதத்தின் மேல் வைத்தான். இதமான சூடு இருந்தது. ஊர் உலகமெல்லாம் தொட்டுப் பார்த்த கால். இதன் எலும்பு எங்கே மேடு, நரம்பு எங்கே ஓடுகிறது என்று எங்கோ இருக்கிற வெள்ளைக்காரனுக்குத் தெரியும், புருஷனுக்குத் தெரியாது. அட, இதற்கா இத்தனை ரோஷம் என்று அவனுக்கே வெட்கமாகப் போயிற்று.

அதிலிருந்து பார்வை நேரம் வந்தால் கதவுக்கு முன்னால் முதல் ஆளாக நிற்பான். கையைக் கழுவி, பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் நேராகக் கால்மாட்டில் நிற்பான். உமைமா ஓய்வாக இருந்தால் அந்தப் பெட்டியை வைத்து இரைச்சலைக் கேட்கவிடுவாள். மற்ற நேரமெல்லாம் வெளியே நாற்காலி. அங்கே உட்கார்ந்து அவன் வேறொன்றும் நினைக்கவில்லை, மனோரமா எழுந்து தன்னைத் திட்ட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தான். "உனக்கு அறிவு இருக்குதா?" என்று கேட்டால் போதும். "மூஞ்சியப் பாரு" என்றால்கூடப் போதும். அவளோடு பேசாமல் வீணடித்த சாயந்திரங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சமையல்கட்டில் அவள் வளையல் சத்தம் கேட்கும், இவன் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஐந்தடி தூரம். இப்போது அதற்காக உயிரைக் கொடுக்கலாம் போலிருந்தது.

ஒருநாள் மத்தியானம் ரஃபி அகமது வந்தார். கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையில் பசை வாசனை. அவரைப் பார்த்ததும் பார்த்திபனுக்குப் பழைய ரோஷம் எட்டிப் பார்த்தது. ஆனாலும் எழுந்து இடம் கொடுத்தான்.

"எப்படி தம்பி இருக்குது?"

"இதயம் இன்னும் தேறல பாய். கால்தான் பயமா இருக்குதுன்றாங்க. தொட்டா சில நேரம் லேசா சில்லுனு இருக்குது."

ரஃபி அகமது நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. போன மாசம் மனோரமா எங்கிட்ட வந்து, வேற செக்‌ஷன் குடுங்க சார், பேஸ்ட்டுக்கே போறேன்னுச்சி. ஏம்மான்னேன். வூட்ல புடிக்கல சார்னுச்சி. வேற ஒண்ணும் சொல்லல. வர்ற சீசன் முடியட்டும்மான்னு நாந்தான் நிறுத்தி வெச்சேன்."

 பார்த்திபன் சொன்னதைக் கேட்டு அவள் வேலையை விட்டுக்கொடுக்கக் கிளம்பியிருக்கிறாள். அதை அவனிடம் சொல்லவுமில்லை. இவன் அப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மகளிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அடப்பாவி மனுஷா! அழுகையை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. ரஃபி அகமது அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

போகும்போது ஒரு பையை நீட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று ஆட்டு ரோமம் நிற்கிற தோல் துண்டு. பனி கொட்டுகிற நாட்டுக்குப் போகிற பூட்ஸில் உள்பக்கம் வைத்துத் தைப்பது. "கால் சில்லுனு இருக்குதுன்னீங்களே. இத சுத்தி வைங்க தம்பி. எந்தக் குளிரும் இதத் தாண்டாது" என்றார். தோல் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இப்படித்தான் வைத்தியம் நடக்கும்.

பார்த்திபன் அதை அங்கிக்குள் மறைத்து உள்ளே கொண்டுபோனான். உமைமா பக்கத்துக் கட்டிலில் இருந்தாள். அவன், மனோரமாவின் வலது பாதத்தைச் சுற்றி ரோமம் உள்ளே இருக்கும்படி தோலைப் போர்த்தினான், போர்வையை இழுத்து மேலே மூடினான். குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வந்த மாதிரி மனதுக்கு ஒரு நிறைவு.

உமைமா வந்தாள். போர்வையைப் பார்த்தாள், விருட்டென்று விலக்கினாள். தோலைப் பார்த்ததும் குரல் ஏறியது.

"யா அல்லாஹ், இது இன்னா அண்ணா! யாரு வெச்சது?"

"நாந்தான் சிஸ்டர். சில்லுனு இருந்துச்சே..."

"காலைத் தெறந்து வெச்சிருக்கறதே நான் பாக்கறதுக்குத்தான். மூடிட்டா கலர் எப்படித் தெரியும்? வீக்கம் எப்படித் தெரியும்? இதுல அழுக்கு வேற!" பேசிக்கொண்டே தோலை உருவியவள் பேச்சை நிறுத்தினாள். பாதம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. நகத்தை அமுக்கினாள், நிறம் திரும்பவில்லை. பெட்டியை எடுத்துப் பேனாவை வைத்தாள். இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள். இரைச்சல் இல்லை.

"டாக்டரக் கூப்பிடுங்க" என்று கத்தினாள். பார்த்திபனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பிறகு சர்ஜன் வெளியே வந்து சொன்னார். காலுக்கென்று போட்டிருந்த சின்னக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. அதை எடுத்துவிட்டு வேறு குழாய் போடுகிறார்கள். கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகிக்கொண்டு வருகிறது. இன்னும் இறுகினால் இரண்டு பக்கமும் தோலைக் கீறி வழிவிட வேண்டும். அதற்கும் கேட்கவில்லை என்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான். சம்மதம் வேண்டும். பார்த்திபன் கையெழுத்துப் போட்டான்.

உமைமா வெளியே வந்ததும் அவள் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். "என்னாலதானா சிஸ்டர்? நான் சுத்தினதாலதானா?"

"இல்லண்ணா. அடைச்சது உள்ள. ஆனா நீங்க மூடினது அப்படியே இருந்திருந்தா எனக்குத் தெரிய நேரமாயிருக்கும். நேரம்தான் இதுல எல்லாம்." கொஞ்சம் இறங்கிய குரலில், "அன்புல செஞ்சீங்க, சரி. இனிமே அன்பு இருந்தா கையால தொடுங்க, போதும்" என்றாள்.

சாயந்திரம் வரைக்கும் அவன் நாற்காலியில் உட்காரவில்லை. வேண்டாத தெய்வமில்லை. விரிஞ்சிபுரத்து மார்க்கபந்தீஸ்வரரைக் கூப்பிட்டான், ஆம்பூரில் தெரிந்த தர்காவைக் கூப்பிட்டான். முழுசாக அவளைக் கேட்கக்கூடத் துணிச்சல் வரவில்லை. அந்தக் காலைக் கொடு என்றுதான் கேட்டான். கால் இல்லாமல் எழுந்திருந்தால் அவள் அவனை ஒன்றும் சொல்ல மாட்டாள், வழக்கம்போல வாயை மூடிக்கொண்டுவிடுவாள். அந்த மௌனத்தைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். உமைமா ஒன்றும் சொல்லாமல் பேனாவை வலது பாதத்தில் வைத்தாள். உஸ்ஸென்று வந்தது இரைச்சல். கீறவில்லை, வெட்டவில்லை, வீக்கம் அங்கேயே நின்றுவிட்டது. பார்த்திபன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பினான்.

அதற்குப் பிறகு அந்தக் காலை எல்லோரும் கண் எடுக்காமல் பார்த்தார்கள். நாட்கள் போயின. ஒருநாள் உமைமா, "இன்னிக்கி இந்தக் கால் வேணாம், அந்தக் காலக் கேளுங்க" என்று இடது பாதத்தில் பேனாவை வைத்தாள். இரைச்சலுக்கு நடுவே மெலிதாக ஒரு துடிப்பு. நின்றது, மறுபடி துடித்தது.

"இது மெஷின் இல்லண்ணா. இது அவங்க" என்றாள் உமைமா.

இதயம் தேறி வந்தது. மெஷினைக் கழற்றினார்கள், தொடையில் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைத் தைத்தார்கள், தூக்க மருந்தைக் குறைத்தார்கள். மறுநாள் பார்வை நேரத்தில் பார்த்திபன் பழக்க தோஷத்தில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத் தொட்டான். கால் நகர்ந்தது. பலமில்லாமல்தான், ஆனால் சந்தேகமே இல்லாமல், அவன் கையிலிருந்து விலகிப் பின்னால் போயிற்று.

"இழுத்துக்கிட்டாங்க! காலை இழுத்துக்கிட்டாங்க!" என்று உமைமா கூவினாள். டாக்டர் வந்தார், உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். ஓரத்து இரண்டு விரல்களில் மட்டும் உணர்ச்சி இல்லை, போகப்போக வரலாம், வராமலும் போகலாம் என்றார். மற்றபடி கால் பிழைத்தது. எல்லோருக்கும் சந்தோஷம். பார்த்திபனுக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒரு முள். அவள் கண் திறந்திருந்தது, அவனைத்தான் பார்த்தது. என் கை என்று தெரிந்துதான் இழுத்துக்கொண்டாளா?

வார்டுக்கு மாற்றிய பிறகு அவன் அந்தக் காலைத் தொடவில்லை. வாயில் இருந்த குழாயை எடுத்திருந்தார்கள்; குரல் கம்மலாக வந்தது. தன் அம்மாவோடு பேசினாள், மகளோடு பேசினாள், உமைமா பார்க்க வந்தபோது அவளோடும் இரண்டு வார்த்தை பேசினாள். அவனைப் பார்த்தால் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கஞ்சி ஊட்டினான், தலை வாரிவிட்டான். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சாமி அந்தக் காலைக் கொடுத்துவிட்டது, அவள் இன்னும் கொடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் மனோரமாவின் அம்மாவும் மகளும் சாப்பிடப் போயிருந்தார்கள். வார்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மனோ. ரஃபி பாய் சொன்னாரு. நீ வேற செக்‌ஷன் கேட்டியாம்." அவன் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தான். "வேணாம். நீ மாடிக்கே போ. விரல்ல உணர்ச்சி வரட்டும், அப்பறம் போ. வரலன்னாலும் பரவால்ல, நீ ஊட்ல இருந்தா போதும். நான் பேசினது தப்பு. கண்டவன் பேச்சக் கேட்டு பேசிட்டேன். ஒண்ணுமே வேணாம், என்ன நாலு திட்டாவது திட்டு. நீ பேசாம இருந்தா எனக்குப் பேஜாரா இருக்குது மனோ."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே வேப்பமரம், அதற்குப் பின்னால் மலை.  அவன் இனிமேல் பேச என்ன இருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னாங்க."

நிமிர்ந்தான். அவள் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து வலது பாதம் மட்டும் மெல்ல வெளியே வந்து, அவன் பக்கமாக நீண்டது.

"கால் சில்லுனு இருக்குது."

அவன் பதறி எழுந்தான். "சிஸ்டரக் கூப்பிடறேன் இரு."

"சிஸ்டர் இன்னாத்துக்கு? ரெண்டு காலுந்தான் சில்லுனு இருக்குது, ஏசிக்கு." கம்மல் குரலில் மூச்சு வாங்கியது. "நீங்க கைய வைங்க."

அவன் உட்கார்ந்து, கையை அவள் பாதத்தின் மேல் வைத்தான். கால் விலகவில்லை.

"அங்க இல்ல. அந்த ரெண்டு விரல்ல வெச்சா எனக்குத் தெரியாது" என்றாள் மனோரமா. "இந்தாண்ட வைங்க. இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அங்கதான். இப்ப தெரியுது."